வேலிக்கு அந்தப் பக்கம் இனித்த பேரி

சீங்கோம்பையில் ஒரு பேரிக்காய்க்காக நாகரத்தினத்தைப் போல உசிரை விட்டவளும் கிடையாது, அந்தப் பேரிக்காய் ஊர் வாயெல்லாம் இனித்துக் கிடந்தபோது தன் வாயில் மட்டும் பஞ்சை மென்றுகொண்டு நின்றவளும் கிடையாது. தலையெழுத்து என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் அப்படி விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லையே! போகிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் அவளுக்கு ரெண்டு மரம் உண்டு. ஒன்று வால்பேரி, மணக்கும், ஆனால் கடித்தால் மணலைக் கடித்த மாதிரி பல்லில் நறநறக்கும். இன்னொன்று தண்ணிப்பேரி, கடித்தால் முழங்கை வரைக்கும் சாறு வழியும், ஆனால் ருசி என்று கேட்டால் கிணற்றுத் தண்ணீரே தேவலை. இதன் மணமும் அதன் சாறும் ஒரே காயில் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாசி மாதத்தில் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் கோழி இறகு ஒன்றை எடுத்து, வால்பேரிப் பூவின் மகரந்தத்தைத் தொட்டு, தண்ணிப்பேரிப் பூவில் தடவி, வண்டு வந்து கெடுத்துவிடாமல் பழைய வேட்டித் துணியால் அந்தப் பூவுக்கு முக்காடு போட்டு வைத்தாள். காய் வந்தது, காயிலிருந்து விதை வந்தது, விதையிலிருந்து கன்று வந்தது, அந்தக் கன்றின் குச்சியை நாட்டுப்பேரி மரத்தில் ஒட்டுக் கட்டி, அது பிடிக்குமா பிடிக்காதா என்று தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்து, பனிக்குச் சாக்குப் போர்த்தி, காட்டுமாடு வந்தால் தகரம் தட்டி விரட்டி, அதற்குள் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அவள் புருஷன் அழகர் அந்த ஒன்பது வருஷமும் அந்த மரத்தை "உன் மகன்" என்றேதான் சொல்லிவந்தார்.

அந்த ஒன்பது வருஷமாகத்தான் அவள் தன் ஓரகத்தி பவளக்கொடியோடு பேசாமலும் இருந்தாள். பவளக்கொடி கொழுந்தன் பொண்டாட்டி, அடுத்த வீடு, நடுவில் மேரக்காய்க் கொடி படர்ந்த கம்பிவேலி மட்டும்தான். சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கருப்பசாமி கோவில் கிடாவெட்டில் நாகரத்தினம்தான் குழம்பு வைத்தாள். நாலு ஊர் சனம் வந்திருந்தது. பவளக்கொடி கரண்டியிலிருந்து ரெண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, அம்புட்டுப் பேர் முன்னாலும், "நல்லாருக்குக்கா. உப்பு மட்டும் கொஞ்சம் பத்தல" என்றாள். அவ்வளவுதான். நாகரத்தினம் அன்றைக்கு மூடிய வாயை அந்தப் பக்கம் பார்த்துத் திறக்கவே இல்லை. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள், ஒரே லோடு ஜீப்பில் கேரட் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போய் வந்தார்கள். பொம்பளைகள் மட்டும் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஜாடையாகத்தான் பேசினார்கள். இவள் தன் மாட்டைப் பார்த்துச் சொல்வாள், அவள் தன் நாய் ஜிம்மியைப் பார்த்துச் சொல்வாள். அந்த மாட்டுக்கும் நாய்க்கும் அந்த ஊரில் நடந்த எல்லாமே அத்துப்படி.

இப்படியிருக்க, ஆடி கடைசியில் முதல் காய் முற்றியது. நாகரத்தினம் அதைப் பறித்து, வைக்கோலுக்குள் பொதிந்து வைத்து, காம்புப் பக்கம் விரலால் அமுக்கிப் பார்த்துப் பதம் தெரிந்ததும், குளித்து, விளக்கேற்றி, தோட்டத்தில் மரத்தடியிலேயே நின்று ஒரு கடி கடித்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. மணம் மூக்கை அடைத்தது. நாக்கில் ஒன்றுமே இல்லை. வேகவைத்த பஞ்சு. அவள் இன்னொரு கடி கடித்தாள். பஞ்சு. அந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பவளக்கொடி கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அடேய் ஜிம்மி! என் வாயில எவண்டா கல்கண்டக் கரைச்சு ஊத்துனது? யாத்தே, என்னா மணம்! வால்பேரி மணம்டா! கடிக்காமலே சாறு தொண்டையில எறங்குது!" என்று கத்தினாள். பிறகு நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "கடைசியில மட்டும் ஒரு துவர்ப்பு அடிக்குது" என்றும் சொன்னாள்.

நாகரத்தினம் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், மறுபடி பழத்தைப் பார்த்தாள். "துவர்ப்பாம்ல!" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னாள். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

அழகர் ஒரு துண்டு தின்றார். அவருக்கும் பஞ்சுதான். ஆனால் வாய்க்கால் தண்ணீர் முறை விஷயத்தில் அவர் பல வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த காளிமுத்து, பூண்டுக் காட்டிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, "யாருய்யா என் வாயில பேரிக்காயத் திணிச்சது?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று தின்றது, கணக்கு வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடியே சப்புக்கொட்டினார். சௌந்தரத்தின் டீக்கடையில் உட்கார்ந்து ஊர் யோசித்தது, ரெண்டாவது டீ வருவதற்குள் கண்டுபிடித்தும் விட்டது. இந்தப் பழத்தைத் தின்றால் தின்றவனுக்கு ருசி கிடையாது. தின்றவன் யாரை நெஞ்சில் வைத்துக் கறுவிக்கொண்டிருக்கிறானோ அந்த ஆளின் வாய்க்குப் போய்ச் சேரும். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. "மலைல எதுதான் ஒழுங்கா நடக்குது? பஸ்ஸே நெனச்சா வருது, நெனச்சா வரல" என்றார் சௌந்தரம். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவரவர் காட்டுக்குப் போனார்கள். யார் மேலும் கோபமே இல்லாத ஆள் தின்றால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டார்கள், அப்படி ஒரு ஆள் ஊரில் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் நாகரத்தினம் வீட்டு வாசலில் கூட்டம். "மதினி, ஒரே ஒரு பழம், என் நாத்தனாவுக்கு", "சின்னம்மா, பாதி போதும், எங்க மாமனாருக்கு". மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பாதியை எதிரெதிராக உட்கார்ந்து தின்று, ஒருத்தி தின்றது மற்றவளுக்கு இனிக்க, கடைசியில் ரெண்டு பேரும் வயிறு நிறைந்து எழுந்திருந்தார்கள். கருவாட்டுக்காரி சிலம்பாயி புருஷன் பேரைச் சொல்லிக் கடித்தாள், இனித்தது அவளுடைய தங்கச்சிக்கு. அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. உருளைக்கிழங்கு முழுக்க மழையில் அழுகிப்போன மாரக்காள் ஒரு துண்டு தின்றாள், மலையில் யார் வாயிலும் ருசி விழவில்லை. எல்லோரும் ஒரு நிமிஷம் கோவில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

ஊர்த் தலைவருக்கு நாள் முழுக்க வாய் இனித்துக்கொண்டே இருந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சர்க்கரை பார்த்தார். நர்ஸம்மா, "சர்க்கரை எல்லாம் சரியாத்தான் இருக்குங்க, தெருவிளக்க மட்டும் போட்டு விட்டுருங்க" என்று சொல்லி அனுப்பினாள். பஸ் கண்டக்டர் கதை இதைவிடக் கூத்து. நிறுத்தத்தில் நிற்காமல் பாறை வளைவில் போய் நிறுத்துகிறவன் அவன். ஊரே அவனை வைதுகொண்டு தின்றதில், சீங்கோம்பை வந்ததும் அவனுக்கு வாய் ஊறும். இவ்வளவு நல்ல ஊரா என்று நிறுத்தத்திலேயே பஸ்ஸை நிறுத்த ஆரம்பித்தான். பஸ் ஒழுங்காக நின்றதும் சனத்துக்குக் கோபம் போயிற்று, கோபம் போனதும் இனிப்பும் போயிற்று. நாலு நாள் பொறுத்துப் பார்த்தான். மறுபடி பாறை வளைவுக்கே போய்விட்டான்.

பாவம், பழைய தலையாரி பெருமாள்சாமிதான். ஊருக்கே நல்லவர், ஒருத்தருக்கும் அவர் மேல் மனத்தாங்கல் கிடையாது. அதனாலேயே அவர் வாயில் ஒரு சொட்டும் விழவில்லை. தினமும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவனுக்கு இனித்தது இவனுக்கு இனித்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் பொறுக்க முடியாமல் தன் ஆட்டை அவிழ்த்து அடுத்தவன் பீன்ஸ் காட்டில் விட்டார். காட்டுக்காரன் ஆட்டைப் பிடித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டு, "கயிறு இத்துப்போச்சு போல, நான் வேற தர்றேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பெருமாள்சாமி உட்கார்ந்து அழுதார்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருக்க, நாகரத்தினத்துக்கு எப்படி இருந்திருக்கும்! போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளிடம் வந்து அவள் பழத்தின் ருசியைச் சொன்னான். "தேன் மாதிரி இருக்கு மதினி." "தேன்லாம் இல்ல, பாகு." "பாகு யாரு சொன்னா, கரும்புச்சாறு." கணக்கு வாத்தியார் வேலை மெனக்கெட்டு வீட்டுக்கே வந்து, முதலில் எப்படி, நடுவில் எப்படி என்று விளக்கிவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார். மகரந்தம் தொட்டவள் அவள், முக்காடு போட்டவள் அவள், பனியில் விறைத்தவள் அவள், காட்டுமாட்டை விரட்டப் போய்ச் சேற்றில் விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டவள் அவள்! அவளுக்கு ஊரான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அவள் பெற்றது கறுப்பா சிவப்பா என்று. இதில் அவளே கடித்தால் ஒவ்வொரு கடியும் நேரே வேலியைத் தாண்டிப் போய் அந்தச் சிறுக்கி வாயில் விழுகிறது. அவளும் சும்மா தின்றுவிட்டுப் போகிறாளா? "ஜிம்மி, இன்னைக்கு நேத்தைய விட நல்லாருக்குடா. துவர்ப்பு மட்டும் அப்படியே இருக்கு." துவர்ப்பு! வேறு எவனும் சொல்லாத துவர்ப்பு!

கோபத்தை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தாள். அழகர் கல்யாணமான புதிதில் செய்ததையெல்லாம் ஒன்றொன்றாக நினைத்து, பல்லைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வந்த பிறகு பழத்தைக் கடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. சரி, தன் மேல் கோபமாக இருக்கிற யாராவது தின்றால் தனக்கு வருமே என்று ஆள் தேடினாள். ஒருவரும் அகப்படவில்லை. மாட்டுக்குப் பால் வற்றியிருந்த சமயம், பால்காரனிடம் பாலில் தண்ணீர் என்று வீம்புக்குச் சண்டை போட்டாள். அவன், "விடுங்கம்மா, பழம் இப்படி ஆயிருச்சேன்னு உங்களுக்கு வேதனை, எனக்குத் தெரியாதா" என்று கூட ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனான். ஊர் முழுக்க இரக்கம். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாயா போடுவது?

மரத்தில் ரெண்டே பழம் பாக்கி. இந்த வருஷம் தெரியாவிட்டால் அடுத்த ஆடி. அதுவரை என்ன செய்வது? தை மாதம் ஒட்டுக் கட்டுகிற காலம். இந்த மரத்திலிருந்து நாலு குச்சி எடுத்து நாலு மரமாக்குவதா, இல்லை வெட்டி அடுப்பில் வைப்பதா? ருசி தெரியாத மரத்தை எந்த மகராசி பெருக்குவாள்? அன்று சாயங்காலம் அவள் மாட்டின் முன்னால் போய் நின்று, வேலிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "ஊர்ல எனக்குன்னு ஒரு விரோதிதான் இருக்கா. அவளாவது ஒரு பழத்தத் தின்னு தொலச்சா, நான் பெத்த பிள்ள மூஞ்சிய நான் பாப்பேன். நல்ல ரத்தமா இருந்தா திங்கட்டும்."

வேலிக்கு அந்தப் பக்கம் சட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஜிம்மி, நாளைக்குப் பழத்த வேலிக்கல்லு மேல வைக்கச் சொல்லு" என்றாள் பவளக்கொடி.

மறுநாள் செய்தி பரவி, வேலியோரம் ஊரே கூடிவிட்டது. பெருமாள்சாமிகூட வந்து ஓரமாக நின்றார். நாகரத்தினம் உப்புப் போட்டு வாய் கொப்பளித்து, நாக்கை வழித்து, காலையிலிருந்து காப்பிகூடக் குடிக்காமல், முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பவளக்கொடி பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கடித்தாள். சாறு வழிந்தது. எல்லோரும் நாகரத்தினத்தின் வாயையே பார்த்தார்கள்.

ஒன்றுமில்லை.

"இன்னும் கடி!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, பவளக்கொடி கடித்தாள், காம்பு வரைக்கும் தின்று முடித்தாள். நாகரத்தினம் கண்ணைத் திறந்தாள். வாயில் அவளுடைய சொந்த எச்சில்தான் இருந்தது. அப்போது பவளக்கொடியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. திருப்பூரிலிருந்து அவள் மகன் கதிரேசன். அவன் யாரையோ விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவன், சித்திரையிலிருந்து ஒரு போன் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. பதற்றத்தில் அவள் எந்தப் பொத்தானை அமுக்கினாளோ, அவன் குரல் கூட்டம் முழுக்கக் கேட்டது.

"அம்மா... கம்பெனில மிஷின்ல உக்காந்திருந்தேன்மா. திடீர்னு வாயெல்லாம் பேரிக்கா இனிப்பு. நம்ம தோட்டத்து மணம்மா. உன் நெனப்பு வந்துருச்சு. நல்லா இருக்கியாம்மா?"

பவளக்கொடி வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், வைதாள், சாப்பிட்டியா என்று கேட்டாள், அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கூட்டத்தில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். நாகரத்தினம் மட்டும் முக்காலியை விட்டு அசையவில்லை.

பவளக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜிம்மியைத் தேடவில்லை. நேராகவே பார்த்தாள். "உனக்கு வரலயாக்கா?"

"ஏண்டி வரல?" என்றாள் நாகரத்தினம். ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை, அதுவும் சண்டையாகத்தான் வந்தது.

"உன் மேல எனக்கு என்னக்கா கோவம்? நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. சரி, அக்கா ஜாடையாத்தான் பேசும் போலன்னு நானும் பேசுனேன். எதுக்குன்னுகூட எனக்கு நெனப்பு இல்ல. கெடாவெட்டுலயா? என்ன சொன்னேன்?"

என்ன சொன்னேனாம்! நாகரத்தினம் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக அந்த வேலியைத் தவிர்ப்பதற்காகப் பால் ஊற்றப் போகும்போதெல்லாம் பள்ளத்தில் இறங்கி ஏறிச் சுற்றிப் போனவள் அவள். அந்தக் கதிரேசன் ஊரை விட்டுப் போன அன்று, பெற்றவள் வாசலில் விழுந்து கத்தியது காதில் கேட்டும், எழுந்து போன காலை இழுத்துப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டவள் அவள். அவ்வளவையும் ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாள். எதிர்ப்பக்கம் யாருமே இல்லை! ஆள் இல்லாத வாசலில் நின்று ஒன்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறாள்! "கூறு கெட்டவளே, கூறு கெட்டவளே" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். "உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு ஊருக்கு நடுவுல உக்காந்தியேடி, வெக்கங்கெட்டவளே!" அடக்க முடியாத ஆத்திரத்தில் கடைசிப் பழத்தை வெடுக்கென்று பறித்து, வைக்கோலும் இல்லை, பதமும் பார்க்கவில்லை, நின்ற இடத்திலேயே கடித்தாள்.

இனித்தது.

அவள் வாயில், அவள் நாக்கில், அவளுக்கு. வால்பேரியின் மணம் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் சாறு, மணல் நறநறப்பு துளிகூட இல்லை, நினைத்தது நினைத்தபடி, கோழி இறகைக் கையில் பிடித்த அன்றைக்கு மனசுக்குள் எந்த ருசியைத் தின்றாளோ அதே ருசி. தேனும் இல்லை, பாகும் இல்லை, போங்கடா உங்கள் கரும்புச்சாறும் நீங்களும்! மரத்தில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்று, விழுங்கினாள். விழுங்கி முடித்தபோது, கடைசியில், தொண்டைக்குள் இறங்குகிற இடத்தில், ஒரு துவர்ப்பு அடித்தது.

நாகரத்தினம் கண்ணைத் திறந்தாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். துவர்ப்புதான், சந்தேகமே இல்லை. அப்படியானால் அன்றைக்குக் குழம்பிலும் உப்பு பத்தாமல்தான் இருந்திருக்கிறது. ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாதது பவளக்கொடிக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அதைச் சொல்லாமல்தான் இருக்க மாட்டாளா, பாவி மகள்! ஒன்பது வருஷம் கழித்து ஒரு வாய் தின்கிறேன், அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டு சரியாகச் சொல்லித் தொலைத்திருக்கிறாளே!

பல்லைக் கடித்துக்கொண்டு ரெண்டாவது கடி கடித்தாள். பஞ்சு.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "யக்கா! இப்ப எதுக்கு என்னய வையுற?"

நாகரத்தினம் கையிலிருந்த மீதிப் பழத்தைப் பார்த்தாள். தின்றால் யாருக்கு இனிக்கும் என்று தெரிந்தும், காம்பு வரைக்கும், ஒரு துளி சாறு கீழே விழாமல், நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.